வீடுகள் நின்றால் வேலைகளும் நிற்குமா?



ஓர் ஊரில் வீடு கட்டுவோர் தொகை குறைந்துவிட்டால், அது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மட்டும் உரிய கவலையா? அன்றி, பின்னால் வரவிருக்கும் பெரியதொரு வேலையின்மைக்கு அது முன்னறிவிப்பா? பொருளாதார அறிஞர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது என்று எண்ணிவிடாதீர்கள். மகளுக்குத் திருமணம் பேசி வைத்திருக்கும் தாய்க்கும், வளைகுடாவிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பி ஊரில் கடைக்கால் போடச் சொல்லும் மகனுக்கும், இரும்பாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பணிபுரியும் இளைஞனுக்கும் இதன் விடை தேவைப்படுகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் கம்பியும் சிமெண்டும் விற்கும் சிறு கடையொன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருபவன் நான். பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆயினும் என் கடையின் பற்றுவரவு நோட்டு எனக்கு ஒரு பாடநூலாக இருந்து வந்திருக்கிறது. எந்த மாதத்தில் மேஸ்திரிகள் கடன் கேட்டார்கள், எந்த மாதத்தில் ரொக்கம் கொடுத்தார்கள், எந்த மாதத்தில் கடைக்கே வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நோட்டு கற்பித்ததையும், உலகம் கற்பித்ததையும் சேர்த்து உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒரு வீட்டுக்குள் எத்தனை வீடுகள்!

முதலில், ஒரு வீடு எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் சதுர அடியில் சாதாரணமான ஒரு வீடு கட்ட ஏறத்தாழ 4 டன் கம்பியும் 400 மூட்டை சிமெண்டும் வேண்டும். மணலும் ஜல்லியும் செங்கல்லும் லோடு லோடாக வந்து இறங்க வேண்டும். மரம், மின்கம்பி, குழாய், வண்ணப்பூச்சு, தரைக்கல் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பொருள்களில் பெரும்பகுதி எங்கள் மாவட்டத்திலேயே உருவாகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கங்களில் செங்கல் சூளைகள் உள்ளன. பொங்கலை ஒட்டி ஒடிசா மாநிலத்தின் பலாங்கீர் போன்ற மாவட்டங்களிலிருந்து முன்பணம் பெற்றுக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து சேருகிறார்கள் தொழிலாளர்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஊர் திரும்புகிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் அறுக்கும் கல்தான் நம் வீட்டுச் சுவராகிறது.

கம்பியின் கதை இன்னும் நீளமானது. 1971இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் அமைத்த தொழில் வளாகங்களில் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் அருகிலேயே இருப்பதாலும், கொல்கத்தா நெடுஞ்சாலை வாசலிலேயே ஓடுவதாலும் இங்கே இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ரோலிங் மில்களும் பெருகின. வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வரும் பழைய இரும்பு, மின் உலையில் உருகிப் பில்லட் என்னும் கட்டியாகிறது. அந்தக் கட்டி மீண்டும் பழுக்கக் காய்ந்து உருளைகளுக்கிடையே நீண்டு, தண்ணீரில் குளிர்ந்து டி.எம்.டி. கம்பியாகிறது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களின் பிள்ளைகளும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அந்த அனலில் தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள். அவர்கள் உருட்டும் கம்பியில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய தூணுக்கும் தளத்துக்கும்தான் போகிறது.

ஆகவே, கேள்வியின் முதற்பாதிக்கு விடை கூற எங்கள் ஊரில் எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. வீடு நின்றால் இங்கே வேலை நிற்கிறது, அவ்வளவுதான். 2023-24ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வேலை செய்யும் நூறு பேரில் ஏறத்தாழ 12 பேர் கட்டுமானத் தொழிலில் இருக்கிறார்கள். அந்தப் பன்னிருவரில் ரோலிங் மில் தொழிலாளியும், சூளைத் தொழிலாளியும், லாரி ஓட்டுநரும், என்னைப் போன்ற கடைக்காரனும் சேரவில்லை. நாங்கள் ஆலைத் தொழில், போக்குவரத்து, வாணிபம் என்னும் வேறு கணக்குகளில் எழுதப்படுகிறோம். எழுதப்படும் பக்கம் வேறாக இருந்தாலும், உண்ணும் சோறு ஒரே பானையிலிருந்து வருவதுதான்.

ஆலையில் வேலை குறையும் விதத்தையும் நீங்கள் அறிய வேண்டும். யாரையும் அழைத்து, ‘உனக்கு வேலை இல்லை’ என்று சொல்வதில்லை. முதலில் மிகைநேர வேலை நிற்கும். அடுத்து மூன்று ஷிப்ட் இரண்டாகும். பிறகு, மின் கட்டணம் குறைவான இரவு நேரத்தில் மட்டும் உலை எரியும். ஒப்பந்தக்காரர் வந்து, ‘இந்த வாரம் பத்துப் பேர் போதும்’ என்பார். பதினைந்து பேரில் ஐவர் அறைக்குத் திரும்புவார்கள். ஒரு மாதம் கழித்து அறை வாடகை கொடுக்க இயலாமல் ரயில் ஏறுவார்கள். அந்த ஐவரின் பெயர் எந்த வேலைநீக்கப் பட்டியலிலும் வராது. டீக்கடைக்காரருக்கும், அறையை வாடகைக்கு விட்ட விதவைத் தாய்க்கும், மளிகைக் கடைக்காரருக்கும் மட்டுமே அவர்கள் போனது தெரியும்.

அமெரிக்கா கற்பித்த பாடம்

இனிக் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருவோம். வீடு கட்டும் தொழிலில் ஏற்படும் தளர்ச்சி, அதோடு தொடர்பே இல்லாத மற்றத் தொழில்களுக்கும் வரப்போகும் துன்பத்தின் அறிகுறியா?

‘ஆம்’ என்று கூறியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் லீமர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த நாடு கண்ட பத்துப் பொருளாதாரச் சரிவுகளில் எட்டுக்கு முன்னால் வீட்டுத் தொழில் தளர்ந்திருந்தது என்பதை 2007ஆம் ஆண்டில் அவர் எடுத்துக் காட்டினார். கொரியப் போர் முடிந்த 1953ஆம் ஆண்டுச் சரிவும், கணினி நிறுவனப் பங்குகள் வீழ்ந்ததை ஒட்டி வந்த 2001ஆம் ஆண்டுச் சரிவும் மட்டுமே விலக்கு.

அவர் கூறி முடித்த சில மாதங்களிலேயே உலகம் அதைக் கண்ணால் கண்டது. 2006 ஜனவரியில், ஆண்டுக்கு 22 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் என்ற வேகத்தில் அமெரிக்கர்கள் புது வீடுகளைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் அந்த எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. அப்போது மற்றத் தொழில்கள் நன்றாகவே நடந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007 டிசம்பரில்தான் பொதுச் சரிவு தொடங்கியது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தது. 2009இன் தொடக்கத்தில் புது வீடுகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. 2009 அக்டோபரில் அங்கே வேலையில் இருந்தோரும் வேலை தேடியோருமாகச் சேர்ந்த நூறு பேரில் பத்துப் பேருக்கு வேலை இல்லை.

வீடு ஏன் முந்திக்கொள்கிறது? ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு வீடுதான். பெரும்பாலும் அது கடனை நம்பியும் நாளைய வருமானத்தை நம்பியும் செய்யப்படும் செலவு. அரிசி வாங்குவதைத் தள்ளிப்போட இயலாது. பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போட இயலாது. மாடி கட்டுவதைத் தள்ளிப்போடலாம். எதிர்காலத்தைப் பற்றிய ஐயம் மனத்தில் எழும்போது மனிதன் முதலில் நிறுத்துவது வீட்டைத்தான். இலட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் அப்படி நிறுத்தினால், அந்த ஐயமே உண்மையாகி எல்லாரையும் வந்தடைகிறது.

ஆனால் இதே அமெரிக்கா மாறான ஒரு பாடத்தையும் கற்பித்தது. 2022இல் அங்கே வட்டி விகிதம் விரைவாக உயர்ந்தது. 2023ஆம் ஆண்டில் ஏற்கெனவே கட்டிய வீடுகளின் விற்பனை சுமார் 41 லட்சமாகக் குறைந்து, 1995க்குப் பிறகு காணாத அளவுக்குத் தாழ்ந்தது. ‘இதோ மற்றொரு 2008’ என்று பலரும் அஞ்சினார்கள். அஞ்சியது நடக்கவில்லை. அவ்வாண்டில் வேலையின்மை நூற்றுக்கு நான்குக்கும் கீழாகவே இருந்தது. குறைந்த வட்டியில் பழைய கடன் வைத்திருந்தவர்கள் தம் வீட்டை விற்க முன்வராததே விற்பனை குறைந்ததற்கு முக்கியக் காரணம். அவர்கள் கையில் வேலை இருந்தது. கட்டிக்கொண்டிருந்த வீடுகளும் நிற்கவில்லை.

இரண்டிலும் வீட்டுச் சந்தை தளர்ந்தது. ஒன்றில் நாடே தளர்ந்தது, மற்றொன்றில் தளரவில்லை. எனவே ‘வீடு நின்றதா?’ என்று கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. ‘ஏன் நின்றது?’ என்று கேட்டாக வேண்டும்.

நம் ஊரில் நின்ற வீடுகள்

இந்த ‘ஏன்’ என்னும் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பகுதிக்குத் திரும்புவோம். கடந்த இருபது ஆண்டுகளுக்குள் நான்கு முறை என் கடையில் கம்பி தேங்கி நின்றதைக் கண்டிருக்கிறேன். நான்கிற்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது, 2008ஆம் ஆண்டின் இறுதி. அவ்வாண்டின் நடுவில் உச்சத்தில் இருந்த பழைய இரும்பின் உலக விலை சில மாதங்களில் பாதிக்கும் கீழே சரிந்தது. கூடிய விலையில் வாங்கிய இரும்பு கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே கம்பியின் விலை இறங்கியது. ‘இன்னும் இறங்கட்டும்’ என்று வீடு கட்டுவோர் காத்திருந்தார்கள். கடல் கடந்து வந்த துன்பம் அது. ரிசர்வ் வங்கி 2008 அக்டோபரிலிருந்து 2009 ஏப்ரலுக்குள் தன் ரெப்போ வட்டியை 9 சதவீதத்திலிருந்து 4.75 சதவீதத்துக்குக் குறைத்தது. உள்நாட்டில் வருமானம் அடியோடு அழிந்துவிடவில்லை என்பதால் அடுத்த ஆண்டே மேஸ்திரிகள் மீண்டும் கடைக்கு வந்தார்கள்.

இரண்டாவது, 2016-17. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்கள் கண்டபடி மனைகளாக மாறுவதைத் தடுக்க அப்படியொரு தடை தேவைப்பட்டது. எனினும், எங்கள் பகுதியில் சிறு சேமிப்புக்காரர்கள் வாங்கி வைத்திருந்த மனைகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. இரண்டே மாதத்தில், நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. சனிக்கிழமைதோறும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ரொக்கமாகக் கூலி கொடுக்கும் தொழிலுக்கு அது எத்தகைய அடி என்பதை விளக்கத் தேவையில்லை. 2017இல் ஆற்று மணல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் வீட்டு வேலை முடங்கியது உண்மை. அதே சமயம், 2017-18ஆம் ஆண்டில் நாட்டில் கார் விற்பனை வளர்ந்துகொண்டுதான் இருந்தது. சிப்காட்டின் மற்ற ஆலைகளுக்குப் பேருந்துகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வந்தன. என் கடைக்கு வந்தவர்கள், ‘பணம் இருக்கிறது பாய், பத்திரம்தான் இல்லை’ என்றார்கள். காகிதத்தால் நின்ற வீடு அது. காகிதம் சரியானபோது கட்டடம் எழுந்தது.

மூன்றாவதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. 2018 செப்டம்பரில் ஐ.எல்.அண்டு.எஃப்.எஸ். என்னும் பெரிய நிதி நிறுவனம் தன் கடன்களைத் திருப்பித் தரத் தவறியது. அதைத் தொடர்ந்து, வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கவே மற்றவர்கள் தயங்கினார்கள். நம் நாட்டில் கட்டட நிறுவனங்களுக்கும், வீடு வாங்குவோருக்கும், லாரி வாங்குவோருக்கும், இருசக்கர வாகனம் வாங்குவோருக்கும் கடன் தருவதில் இந்த நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஊற்று ஒன்று, அது வற்றியபோது எல்லா வாய்க்கால்களும் ஒரே சமயத்தில் காய்ந்தன.

2019 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் வளர்ச்சி 5 சதவீதம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளில் காணாத தாழ்வு அது. அந்த ஆகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 31 சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. செப்டம்பரில், எங்களுக்கு அருகிலுள்ள எண்ணூரின் அசோக் லேலண்டு ஆலை 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. லாரி விற்பனை சரியப் பல காரணங்கள் கூறப்பட்டன. கம்பியும் சிமெண்டும் மணலும் ஏற்ற வேண்டிய லாரிக்குச் சரக்கு இல்லை என்பதும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு நவம்பரில், நின்றுபோன 1,600க்கும் மேற்பட்ட வீட்டுத் திட்டங்களை முடிக்க 25,000 கோடி ரூபாய் நிதியை மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் முடங்கிய வீடுகள் 4.58 லட்சம்.

அந்தத் துன்பம் என் குடும்பத்தின் வாசலுக்கும் வந்தது. என் தங்கை மகன் ஒரு ரோலிங் மில்லில் மின்பணியாளனாக, ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்து வந்தான். 2019இன் தொடக்கத்தில் என் தங்கை, ‘அண்ணே, பிள்ளை சம்பாதிக்கிறான், நகையை விற்றுக் கடைக்கால் போட்டுவிடலாமா?’ என்று கேட்டாள். ‘கடைக்கால் போடலாம், சுவரை அடுத்த ஆண்டு பார்ப்போம். மிச்ச நகை பெட்டியில் இருக்கட்டும்’ என்றேன். அப்போது என் நோட்டில் ஒரு மாற்றம் தெரிந்திருந்தது. வழக்கமாக முப்பது நாள் தவணையில் எனக்குச் சரக்கு தரும் மொத்த வணிகர், ரொக்கம் கேட்கத் தொடங்கியிருந்தார். அந்த ஆகஸ்டில் மருமகனின் ஷிப்ட் நின்றது. மூன்று மாதம் வீட்டில் இருந்தான். பெட்டியில் இருந்த நகைதான் அந்த மூன்று மாதமும் அடுப்பெரிய வைத்தது. சுவராக எழும்பியிருந்தால் அதை விற்றுச் சோறு உண்ண இயலுமா?

நான்காவது, 2020. மார்ச் 24 இரவு அறிவிக்கப்பட்ட ஊரடங்கால் எல்லாமே நின்றன. வேலையும் அறையும் இழந்த வடமாநிலத் தொழிலாளர்கள் தலையில் மூட்டையோடு கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை நோக்கி நடந்துபோனதை எங்கள் ஊர்க் கண்கள் மறக்கவில்லை. அங்கே நோய் முதலில் வந்தது. வீடும் வேலையும் சேர்ந்தே விழுந்தன. வீடு எதையும் முன்னறிவிக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்தபின், கட்டுவதற்கு ஆசை இருந்தது, ஆள் இல்லை. 2021இல் கம்பியின் விலை கிடுகிடுவென ஏறியது.

விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

‘மனை விலை இறங்கவில்லையே, பிறகென்ன தளர்ச்சி?’ என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் கடனைக் கட்ட இயலாதவரின் வீட்டை வங்கி எடுத்து ஏலம் விடும். விலை கண்ணுக்குத் தெரிய விழும். நம் ஊரில் நிலம் வைத்திருப்பவர் பெரும்பாலும் கடனில்லாமல் வைத்திருப்பவர். விற்காவிட்டால் காத்திருப்பார், விலையைக் குறைத்தார் என்ற பேச்சை விரும்பமாட்டார். ஆகவே இங்கே விலை நின்ற இடத்தில் நிற்கும், வேலை மட்டும் போய்விடும். விலைப்பலகையைப் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத் தோன்றும்.

நாளிதழ்களில் வரும் ‘வீட்டு விற்பனையில் சாதனை’ என்னும் செய்தியையும் அளவோடு படியுங்கள். அண்மை ஆண்டுகளில் பெருநகரங்களில் விலையுயர்ந்த அடுக்குமாடி வீடுகளின் பங்கு கூடியும், சிறு வீடுகளின் பங்கு குறைந்தும் வந்திருக்கின்றன. கோடி ரூபாய் வீடு விற்பதால் கவரப்பேட்டையில் ஒரு தொழிலாளி வீடு கட்டிவிட்டதாக ஆகாது.

நம் சமுதாயக் குடும்பங்களுக்கு இதில் தனியான ஒரு கூறு உண்டு. வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனைத் தவிர்ப்போர் நம்மில் பலர். அவர்கள் இந்த ஆண்டு கடைக்கால், அடுத்த ஆண்டு சுவர், அதற்கடுத்த ஆண்டு தளம் என்று படிப்படியாகக் கட்டுகிறார்கள். ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் அவர்கள் வீடு அசைவதில்லை. வீடு பறிபோகும் அச்சமும் இல்லை. ஆனால் அந்த வீடு எழுவது துபாயிலோ சவூதியிலோ உள்ள ஒரு பிள்ளையின் சம்பளத்தால். 2008இன் இறுதியில் துபாயின் கட்டடத் தொழில் சரிந்தது. 2009 நவம்பர் 25 அன்று, துபாய் வேர்ல்டு என்னும் அரசு நிறுவனத்தின் கடன்களுக்குத் தவணை நீட்டிப்புக் கேட்கப்பட்டது. அங்கே கோபுரங்களின் வேலை நின்றபோது, இங்கே பல ஊர்களில் லிண்டல் மட்டத்தில் சுவர்கள் நின்றன. ஆகவே நாம் கவனிக்க வேண்டிய வீட்டுச் சந்தை, நம் பிள்ளை வேலை செய்யும் நாட்டின் வீட்டுச் சந்தையும்தான்.

எதைக் கவனிப்பது? என்ன செய்வது?

இவ்வளவும் கூறியபின் என் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீடு நிற்பது, காய்ச்சல் வருவது போன்றது. உடலில் ஏதோ கோளாறு என்று அது கூறும், என்ன நோய் என்று கூறாது. காகிதத்தால் நின்றதென்றால், நம் மாவட்டத்துத் தொழிலாளி துன்பப்படுவான். நாடு தொடர்ந்து நடக்கும். கடன் ஊற்று வற்றியதால் நின்றதென்றால், வாகனத் தொழிலும் சிறுவாணிபமும் சில மாதங்களில் பின்தொடரும். மக்கள் கையில் வருமானமே குறைந்ததால் நின்றதென்றால், துன்பம் ஏற்கெனவே வந்துவிட்டது; செய்திகள்தாம் பின்னால் வருகின்றன.

இவற்றைப் பிரித்தறிய வாசகர்களாகிய உங்களுக்குப் புள்ளிவிவர நூல்கள் வேண்டாம். கடைகளில் கடன் தவணை சுருங்குகிறதா என்று பாருங்கள். வீடு கட்டுவோர் மட்டும் தயங்குகிறார்களா, இருசக்கர வாகனம் வாங்குவோரும் தயங்குகிறார்களா என்று பாருங்கள். ஆலையில் மிகைநேர வேலை நின்றதா என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் ‘அறை வாடகைக்கு’ என்னும் அட்டைகள் பெருகுகின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று மட்டும் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். எல்லாம் சேர்ந்து தெரிந்தால் செலவைச் சுருக்குங்கள்.

வீடு கட்டத் தொடங்குமுன், குடும்பத்தின் ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதில் தொடங்குங்கள். ஒப்பந்த வேலையின் மிகைநேரக் கூலியை நிலையான வருமானமாகக் கொண்டு தவணை ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுக்குமாடி வீடு வாங்குவோர், அந்தத் திட்டம் ரெரா சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று பார்த்தே முன்பணம் கொடுங்கள். வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக்கணக்கில் வைத்து, நிலத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. தளர்ச்சிக் காலத்தில் பாதியில் நிற்கும் கட்டடத்தில் உங்கள் பணம் சிக்காதிருக்க அது ஓரளவு காவல்.

கட்டட வேலை செய்யும் சகோதரர்கள், சகோதரிகள் எல்லாரும் 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயரைப் பதிந்து, உரிய காலத்தில் புதுப்பித்து வர வேண்டும். பிள்ளைகளின் கல்விக்கும், திருமணத்துக்கும், விபத்துக்கும், முதுமைக்கும் அதன் வழியே உதவி உண்டு. ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர், தம் வருங்கால வைப்பு நிதி எண்ணையும் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவைக்காமல் தம் கையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் நின்ற நாளில் அவற்றைத் தேடி அலைய நேரக்கூடாது.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். வேலை இழந்தவன் கை நீட்டிக் கேட்கமாட்டான்; அவன் நேற்றுவரை மற்றவருக்குக் கொடுத்தவன். ஆலையில் ஷிப்ட் குறைந்தது தெரிந்தால், பைத்துல்மால் பொறுப்பாளர்கள் அவன் வீட்டு மளிகைக் கணக்கை அவன் அறியாமலேயே விசாரிக்கலாம். நம் வீட்டில் ஓர் அறைக்கு வண்ணம் பூச வேண்டியிருந்தால், ஒரு சுவர் எழுப்ப வேண்டியிருந்தால், வசதியுள்ளவர்கள் அந்தத் தளர்ச்சிக் காலத்திலேயே அந்த வேலையைத் தொடங்கலாம். அப்போது பொருள் மலிவாகக் கிடைக்கும், ஆளும் கிடைப்பார். எல்லாரும் நிறுத்தும்போது ஒருவர் தொடங்கும் சிறு வேலை, ஒரு கொத்தனார் வீட்டில் பத்து நாள் உலை வைக்கும். இன்ஷா அல்லாஹ், அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருவர் மூவராவது இருப்பார்களானால், எத்தனையோ பிள்ளைகள் வேலை தேடி ரயில் ஏறாமல் ஊரிலேயே இருப்பார்கள்.